அழுத்தம் விழும் இடம்

கீழே டயர் கடை, மேலே ஆங்கில உச்சரிப்பு வகுப்பு. ரப்பர் நாற்றம் மூக்கைத் துளைக்க, ஒருவர் இறங்கினால் இன்னொருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய படிக்கட்டில் ஏறிப் போனால், வெள்ளைப் பலகைக்கு முன்னால் கையில் மார்க்கரோடு அவர் நிற்பார். ஹோட்டல் வரவேற்பில் நிற்கிறவர்கள், போனில் வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டுகிறவர்கள், விமானத்தில் வேலை கிடைக்காதா என்று ஏங்குகிறவர்கள் எல்லோரும் அவரிடம் வந்து நாக்கைச் சாணை பிடித்துக்கொண்டு போனார்கள். யார் எதைச் சொன்னாலும் "ஸ்ட்ரெஸ் எங்கே? ஸ்ட்ரெஸ் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் அவருக்கு ஸ்ட்ரெஸ் சார் என்றே பெயர் விழுந்துவிட்டது. கூப்பிட்டவர்கள் இரண்டு அர்த்தத்தில்தான் கூப்பிட்டார்கள். அவர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்.

நீளமான ஆங்கிலச் சொல் என்றால் அவருக்கு நாக்கில் எச்சில் ஊறும். "பயப்படாதீங்க. கோழி மாதிரிதான். தலையை வெட்டு, வாலை வெட்டு, நடுவுல கெடக்குறதுதான் உடம்பு" என்பார். பலகையில் அன்பிலீவபிள் என்று எழுதுவார். 'அன்' தலை, ஒரு கோடு. 'அபிள்' வால், ஒரு கோடு. நடுவில் 'பிலீவ்' தோலுரித்த மாதிரி கிடக்கும். பிறகு சொல்லை அசை அசையாகப் பிரித்து, எந்த அசையில் குரலை ஊன்ற வேண்டுமோ அந்த இடத்தில் மேஜையை ஒரு தட்டு தட்டுவார். ஃபோட்டோகிராஃப் என்றால் முதல் அசையில் தட்டு. அதையே ஃபடாகிரஃபி என்று நீட்டினால் தட்டு இரண்டாவது அசைக்குத் தாவும். ஃபோட்டோகிராஃபிக் என்றால் மூன்றாவதுக்கு. "வால் மாறினா அழுத்தம் நகரும். வீட்டுக்கு மருமக வந்தா சாவிக்கொத்து நகர்ற மாதிரி." வகுப்பு சிரிக்கும். நல்ல வாத்தியார்தான், அதில் பொய் சொல்ல முடியாது. அவரிடம் படித்தவர்களுக்கு வேலை கிடைத்தது.

அவர் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். கோழி கிளறின மாதிரி டாக்டர்கள் எழுதித் தரும் சீட்டைத் தூரத்திலிருந்தே படித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அலமாரியில் கையை விட்டு சரியான டப்பாவை எடுப்பாள். தெருவில் எல்லோருக்கும் அவள் மருந்துக்கடை அக்கா. காய்ச்சல், பேதி, குழந்தைக்குச் சளி, எதுவானாலும் முதலில் அவளிடம்தான் வருவார்கள். மருந்துகளின் பெயர்களை அவள் தன் வாய்க்கு வந்தபடி சொன்னாள். வந்தவர்களும் அவரவர் வாய்க்கு வந்தபடி சொன்னார்கள். யாருக்கும் மருந்து மாறிப் போனதில்லை.

வீட்டில்தான் சிக்கல். கல்யாணமான புதிதில் அது வேடிக்கையாக இருந்தது. "வெஜிடேபிள் வாங்கிட்டு வாங்க" என்று அவள் சொன்னால், "வெஜ்டபிள். அதுல டேபிள் கெடையாது" என்பார். "இந்த சேர் கம்ஃபர்டேபிளா இல்ல" என்றால், "கம்ஃப்டபிள். அங்கயும் டேபிள் கெடையாது. வீடு பூரா ஏன் டேபிளாப் போட்டு வைக்கிற?" அவளுக்குச் சிரிப்பு வரும். அவரோடு சேர்ந்து சிரிப்பாள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம் என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

உறைத்தது மகள் பிறந்த பிறகு. குழந்தைக்கு இன்னும் நடக்கக்கூட வரவில்லை. காய்ச்சல் விடாமல் அடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வகுப்பை விட்டு அவர் வந்து சேர்ந்தபோது அவள் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "நிமோனியாவாங்க" என்று அழுதாள்.

"நியூமோனியா" என்றார் அவர். "மோ-ல ஊனணும்." அதற்குப் பிறகுதான், "குழந்தை எங்க?" என்றார்.

வேண்டுமென்று சொல்லவில்லை. தும்மல் வருகிற மாதிரி தானாக வந்தது. வேண்டுமென்றே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். தும்மலோடு யார் சண்டை போடுவது? அவள் அவர் காலிலிருந்து கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். குழந்தை பிழைத்து வீட்டுக்கு வந்தது. அந்தக் கை துடைப்பு மட்டும் அவளோடு தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் தொட்ட இடத்தையெல்லாம் மனசுக்குள் துடைத்துக்கொண்டேதான் குடும்பம் நடத்தினாள்.

இன்னொரு நாள், மருந்துக்கடையின் ஆண்டு விழா. கம்பெனி மேனேஜர் வந்திருந்ததால் அவளை ஆங்கிலத்தில் நாலு வார்த்தை நன்றி சொல்லச் சொன்னார்கள். எழுதி மனப்பாடம் செய்து, மேடையில் ஏறி, நன்றாகத்தான் ஆரம்பித்தாள். நடுவில் 'ரெஸ்பான்ஸிபிலிட்டி' வந்தது. அவள் முதல் அசையிலேயே குரலை ஊன்றிவிட்டாள். முன்வரிசையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு, பல்வலிக்காரன் மாதிரி முகத்தைச் சுளித்து, நாற்காலிக் கைப்பிடியில் சரியான இடத்தில் ஒரு தட்டு தட்டினார். பக்கத்தில் இருந்த அவருடைய மாணவர்கள் குனிந்து சிரித்தார்கள். அவள் மீதியை விட்டுவிட்டு, கையைக் கூப்பிவிட்டு இறங்கிவிட்டாள். அன்றையிலிருந்து அவர் காதுபட ஒரு ஆங்கிலச் சொல்லை அவள் சொன்னதில்லை. ஃபிரிட்ஜைக்கூட 'அந்தப் பொட்டி' என்றாள்.

இப்படியே வருஷங்கள் ஓடி, மகள் படித்து வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்ட பிறகுதான் அவர் வகுப்பில் விழுந்தார்.

அன்று பலகையில் இருந்தது ரொம்ப நீளமான சொல். இன்காம்ப்ரிஹென்ஸிபிலிட்டி. புரியாமை என்று பொருள். தலையையும் வாலையும் வெட்டிவிட்டு, அசைகளைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "இன்-காம்-ப்ரி-ஹென்" வரை வந்தார். அடுத்த அசைக்கு வாய் கோணிக்கொண்டு 'ஸ்ஸ்லு' என்று ஏதோ வழிந்தது. வகுப்பு மொத்தமும் கோரஸாக "ஸ்ஸ்லு" என்றது. மறுபடி 'ப்ளா' மாதிரி ஒன்று. அதையும் பயபக்தியோடு திருப்பிச் சொன்னார்கள். அப்படியே சுவரில் சாய்ந்து அவர் சரிந்து உட்கார்ந்த பிறகும், இதுவும் பாடத்தில் சேர்த்திதான் போலிருக்கிறது என்று சிலர் காத்திருந்தார்களாம். டயர் கடைக்காரர் ஓடி வந்து பார்த்தபோதுதான் கூச்சல் கிளம்பியது.

உயிர் தப்பியது. வலது கையும் காலும் போயின. பேச்சு போனது. மற்றவர்கள் சொல்வதெல்லாம் நன்றாகப் புரிந்தது. சொல்லத்தான் ஒன்றும் வரவில்லை.

ஹாலில் கம்பி வைத்த கட்டில் ஒன்று வந்து இறங்கியது. அவள் கடையில் பாதி நாள் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். அவருடைய அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், துணைக்கு என்று வந்து வீட்டோடு தங்கினாள். நாத்தனார் நல்லவள்தான். தம்பி மேல் உயிர். அவன் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறுவாள், அழுவாள், வருகிறவர்களிடம் கதை சொல்வாள். எச்சில் துடைப்பது, மலச்சட்டி வைப்பது, புரட்டிப் போட்டு முதுகு துடைப்பது எல்லாம் மனைவியின் பங்கு.

அதெல்லாம் அவளுக்கு அருவருப்பாக இல்லை. எத்தனையோ பேருடைய புண்ணையும் சீழையும் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் பார்த்தவள். அவளுக்கு ஆகாமல் போனது வேறு. கட்டிலில் கிடந்தபடி அவர் கண் அவள் வாயையே பின்தொடர்ந்து வந்தது. அவள் யாரோடு போனில் பேசினாலும் அந்தக் கண் மதிப்பெண் போட்டது. பார்க்க வந்த மாணவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டுவிட்டு, போகும்போது அவளிடம், "அக்கா, நீங்க தெய்வம்" என்றார்கள். முன்வரிசையில் குனிந்து சிரித்தவர்களில் ஒருவனும் அதைச் சொன்னான். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

பேச்சு வரவழைக்க ஒரு தெரபிஸ்ட் வந்து போனாள். சுறுசுறுப்பான பெண். பேசும்போது கையும் சேர்ந்து பேசும். அவருடைய இடது கையைப் பிடித்துக் கட்டில் கம்பியில் தட்டவைத்து, ராகம் போட்ட மாதிரி, "தண்-ணி. சொல்லுங்க சார். தண்-ணி. வ-லி. ப-சி" என்பாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஊருக்கெல்லாம் நாக்கைத் திருத்தியவரிடம் குழந்தைப் பாடம் எடுத்தால் எப்படி? கம்பியில் கை தட்டும், வாய் திறக்காது. மாதங்கள் போயின.

ஒரு மத்தியானம் அவருக்கு உடம்பு சுட்டது. நாத்தனார் நெற்றியைத் தொட்டுப் பார்த்துப் பதறினாள். மனைவி தண்ணீரும் மாத்திரையுமாக வந்து, "ஒண்ணுமில்ல அண்ணி, ஒரு பாரசிட்டமால் போட்டாச் சரியாயிடும்" என்றாள். அண்ணியிடம் பேசுகிற ஞாபகத்தில் ஆங்கிலப் பெயர் வாயில் வந்துவிட்டது.

"சீ" என்றார் அவர்.

தெளிவாக, நெஞ்சிலிருந்து.

"பேசிட்டான்! என் தம்பி பேசிட்டான்!" நாத்தனார் எழுந்து குதிக்காத குறை. பிறகுதான் என்ன பேசினான் என்பது அவளுக்கு எட்டியது. "ஏன்டா, அவளப் பாத்தா சீங்குற? மலம் மூத்திரம் அள்ளுறாளேடா!" என்று அதட்டிவிட்டு, உடனே இவள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "நீ ஏதாச்சும் சொன்னியாம்மா? எம்மேல கோபமா இருந்தா எங்கிட்டச் சொல்லு. அவனப் போட்டுப் பண்ணாதே" என்றாள்.

"பாரசிட்டமால்னு சொன்னேன். அவ்வளவுதான்."

அவருடைய இடது கை தூக்கிக் கம்பியில் விழுந்தது. அந்தத் தட்டோடு சேர்ந்து மறுபடியும், "சீ."

அவளுக்குப் புரிந்துவிட்டது. பா-ர-சீ-ட-மால். மூன்றாவது அசையில் ஊன்ற வேண்டும். அவள் ஊன்றவில்லை. மனுஷன் செத்துப் பிழைத்து, மாதக்கணக்கில் ஊமையாகக் கிடந்து, முதல்முதலாக வாயைத் திறந்தது இதற்கு.

"திட்டல அண்ணி" என்றாள். "திருத்துறாரு." மாத்திரையை அவர் வாயில் வைத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு, பின்கட்டுக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

அடுத்த தடவை தெரபிஸ்ட் வந்தபோது விஷயத்தைச் சொன்னார்கள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "யோசிச்சுப் பேசுற பேச்சு வேற, தானா வர்ற பேச்சு வேற மேடம். சிலருக்குப் பாட்டு மட்டும் தப்பிச்சுக்கும். சிலருக்குக் கெட்ட வார்த்தை மட்டும். இவருக்குத் திருத்தம் தப்பிச்சிருக்கு! அதைப் பிடிச்சே இழுத்துடலாம். நீங்க ஒண்ணு பண்ணணும். தெனமும் இவர் முன்னாடி பெரிய பெரிய இங்கிலீஷ் வார்த்தையா எடுத்துத் தப்புத் தப்பாச் சொல்லணும்."

"நானா?"

"நீங்க சொன்னாத்தான் வருது. நான் தப்பாச் சொல்லிப் பார்த்தேன், கண்டுக்கல."

"பல வருஷமாப் பார்த்த வேலைதான்" என்றாள் அவள்.

தெரபிஸ்ட் சிரித்தாள். "மருந்துன்னு நெனச்சுக்கங்க மேடம்."

"மருந்து எனக்குத் தெரியும். அதை முழுங்குறது யாருன்னுதான் பாக்குறேன்."

ஆனாலும் செய்தாள். மகள் போனில் அழுதாள், நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டாள், தெரபிஸ்ட் ஒவ்வொரு முறையும் ஞாபகப்படுத்தினாள். எல்லோருமாகச் சேர்ந்து அவளை ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். காலையில் கஞ்சி கொடுத்து முடித்ததும் அவள் மருந்து டப்பாக்களை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்காருவாள். "ஆன்டிபயாடிக்" என்று தலையில் அழுத்தம் போட்டு ஆரம்பிப்பாள். கம்பியில் தட்டு விழும். "...யா...டிக்." "ஃபிஸியோதெரபி." தட்டு. "...தெ... தெர..." "டெவலப்மெண்ட்." "...வெ! ...வெலப்."

வேகமாகத் தேறினார். அசையாக வந்தது முழுச் சொல்லாக வர ஆரம்பித்தது. "நோ" வந்தது. "அகைன்" வந்தது. ஒருநாள் அவள் 'அன்ஃபார்சுனேட்லி'யைக் கடித்துத் துப்பியபோது "ஃபூல்" என்று அழகாக வந்தது. நாத்தனார் அன்றைக்கு உறவுக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னாள்: "இங்கிலீஷ்லயே திட்டுறான்!"

தப்பாகச் சொல்ல அவள் படாதபாடு பட வேண்டியிருந்தது என்பதுதான் யாருக்கும் தெரியாது. இத்தனை வருஷம் அவரோடு இருந்தால் சுவருக்குக்கூட உச்சரிப்பு வந்துவிடும். எந்தச் சொல்லில் எங்கே அழுத்தம் விழும் என்று அவளுக்குத் தெரியும். வால் மாறினால் எங்கே நகரும் என்றும் தெரியும். சரியான சொல் நாக்கு நுனியில் வந்து நிற்கும். அதைப் பிடித்துக் கைகால் முறித்து வெளியே தள்ளுவாள். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்ப்பாள். கோணின வாயின் நல்ல பக்கத்தில் ஒரு சுழிப்பு வரும். கண்ணில் பசி தெரியும். தட்டு விழுந்ததும் அந்தப் பசி அடங்கி, ஏப்பம் விட்ட மாதிரி ஒரு திருப்தி பரவும். அவளுடைய தப்பைச் சாப்பிட்டுத்தான் அந்த உடம்பு தேறிக்கொண்டிருந்தது. நாள் முழுக்க அவளுக்கு வாயெல்லாம் கசந்தது. கடையில் யாராவது மருந்துப் பெயர் கேட்டால், சொல்லாமல் டப்பாவை எடுத்து நீட்டினாள்.

மகளிடம் ஒருமுறை போனில் சொல்லிப் பார்த்தாள். "நீங்க கோபத்துல இருக்கீங்கம்மா. ஆறிடும்" என்றாள் மகள்.

"கோபமா இருந்தா ஆறும்" என்றாள் அவள். "இது கோபம் இல்ல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணவர்கள் கூட்டமாக வந்தார்கள். சார் தேறிவிட்டார் என்ற செய்தி பரவியிருந்தது. அவரைத் தலையணை வைத்து நிமிர்த்தி, தலை வாரி, சலவைச் சட்டை போட்டு உட்கார வைத்திருந்தாள் நாத்தனார். ஹாலில் நிற்க இடமில்லை. ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்க ஆரம்பித்தான்.

"சும்மா கேட்டாப் பேச மாட்டான்" என்றாள் நாத்தனார் பெருமையாக. "இவ ஏதாச்சும் தப்பாச் சொல்லணும். உடனே பாருங்க, எப்படி வருதுன்னு. ஏம்மா, இங்க வா. ஒண்ணு சொல்லு."

அவள் ஜூஸ் டம்ளர்கள் வைத்த தட்டோடு வந்துகொண்டிருந்தாள். அவர் இடது கை விரலை அவளை நோக்கி நீட்டினார். "சே...ய்" என்றார். சொல்லு.

"அக்கா, ரெஸ்பான்ஸிபிலிட்டி சொல்லுங்க" என்றான் ஒருவன். அவனுக்கு ஆண்டு விழா ஞாபகம் இருந்ததா என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு மூன்று பேர் வாய்க்குள் சிரித்தார்கள். அவருடைய கை ஏற்கெனவே கம்பிக்கு மேலே தூக்கி நின்றது. கண்ணில் அந்தப் பசி.

அவள் தட்டைக் கீழே வைக்கவில்லை. நின்றபடியே சொன்னாள்: "ரி-ஸ்பான்-ஸி-பி-லி-டி." நான்காவது அசையில் குரல் சரியாக இறங்கி நின்றது. கண்ணாடி உடையாமல் மேஜையில் வைத்த மாதிரி.

தூக்கின கை தூக்கினபடி நின்றது. விழ இடமில்லை.

"இன்னொண்ணு சொல்லட்டுமா?" என்றாள். "அன்னைக்கு நீங்க பாதியில விட்டது. இன்-காம்-ப்ரி-ஹென்-ஸி-பி-லி-டி. ஆறாவதுல அழுத்தம். பிலிட்டின்னு முடியுற வார்த்தை எல்லாத்துக்கும் அங்கதான், இல்லையா?"

யாரும் சிரிக்கவில்லை. படம் எடுத்தவன் போனைத் தாழ்த்திவிட்டான். அவர் வாய் திறந்து மூடியது. தப்பைத் தேடி அவர் கண் அவள் உதட்டில் மேலும் கீழும் அலைந்தது. ஒன்றும் அகப்படவில்லை. ஒரு எச்சில் இழை மட்டும் சலவைச் சட்டையில் இறங்கியது.

"ஜூஸ் எடுத்துக்கங்க" என்று தட்டை நீட்டினாள்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அவள் டப்பாக்களை எடுத்துக்கொண்டு உட்காரவும் இல்லை. தெரபிஸ்ட் பதறினாள். "இவ்வளவு தூரம் வந்துட்டு விட்டுட்டா எல்லாம் நின்னுடும் மேடம்."

"நிக்கட்டும்."

"அவர் உங்க ஹஸ்பண்ட்."

"அதனாலதான் சோறு ஊட்டுறேன், துணி மாத்துறேன். அதுல ஏதாச்சும் குறை இருந்தாச் சொல்லுங்க. பேசணும்னு அவருக்குத் தோணினா, என்கிட்ட எதையாச்சும் கேக்கட்டும். வேணும்ங்குறதைக் கேக்கட்டும். பதில் சொல்றேன்."

நாத்தனார் தானே முயன்று பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் தப்புத்தானே. 'டிபார்ட்மென்ட்' என்றாள், 'அப்பாயின்ட்மென்ட்' என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அக்காவைத் திருத்துவதில் அவருக்கு ருசியில்லை. அக்காவுக்கு மனசு விட்டுப் போய், "என்னைக் கண்டா உனக்கு அவ்வளவு எளக்காரம்" என்று மூக்கைச் சிந்திக்கொண்டு, சில நாளில் தன் வீட்டுக்குக் கிளம்பிப் போனாள்.

அவள் கடைக்குக் கிளம்ப, கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவர் வாயைத் திறந்தார். பெரிய பாறையை உருட்டுகிற மாதிரி முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, "பாத்...ரூம்" என்றார்.

கேட்டுவிட்டார். வேண்டியதைக் கேட்டுவிட்டார். அவள் திரும்பினாள். கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள். ஆனால் அவர் 'ரூம்'மில் குரலை ஊன்றியிருந்தார். அது அவள் காதில் முள்ளாகக் குத்தியது. அவள் கை அவளைக் கேட்காமல் கம்பியில் ஒரு தட்டு தட்டியது.

"பாத்" என்றாள். "முதல் அசையில. மறுபடி சொல்லுங்க."

அவர் அவளைப் பார்த்தார். "பாத்...ரூம்."

"இல்ல." தட்டு. "மறுபடி."

அவர் இடது கையால் படுக்கை விரிப்பைப் பிடித்துக்கொண்டார். "பா... பா..." வந்தது. மீதி வரவில்லை. விரிப்பில் ஈரம் படர ஆரம்பித்தது. சூடான நாற்றம் எழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் நிமிர்ந்தபோது எதிரே கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. உதட்டின் ஓரத்தில் ஒரு சுழிப்பு. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்த சுழிப்பு. வராந்தாவில் அவர் உதட்டில் பார்த்தது, முன்வரிசையில் பார்த்தது, இந்தக் கட்டிலில் தினமும் பார்த்தது. அதைவிட மோசம், அந்தக் கணம் வரைக்கும் தனக்கு உள்ளுக்குள் சுகமாக இருந்தது.

ஓடிப் போய்க் குளியலறையில் வாந்தி எடுத்தாள். இத்தனை மாதம் மலமும் மூத்திரமும் அள்ளி வராத வாந்தி, குடல் வெளியே வந்துவிடும் போல வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து விரிப்பை உருவினாள், அவரைத் துடைத்தாள், வேறு வேட்டி கட்டிவிட்டாள். எல்லாம் முடிந்த பிறகு, "நான் பண்ணது தப்பு" என்றாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. மன்னித்தாரா, மன்னிக்க வேண்டியது அவரா என்பதெல்லாம் அவள் யோசிக்கவில்லை. இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இனிமேல் தான் இருக்கக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. இருந்தால் ஒருத்தர் வாய் இன்னொருத்தருக்குத் தொற்றிக்கொள்ளும்.

கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிவைத்து ஒரு ஆளைப் பிடித்தாள். முன்பு லாரியில் கிளீனராக இருந்தவர், ஆஜானுபாகு, குழந்தையைத் தூக்குகிற மாதிரி அவரைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்துவிடுவார். வாய் ஓயாது. வீட்டுக்காரர் தண்ணி விடாதது, மச்சான் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராதது, லாரி பள்ளத்தில் இறங்கியது என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடிக்கொண்டே இருக்கும். கேட்கிறவர் பதில் சொல்கிறாரா இல்லையா என்ற கவலையே கிடையாது. ஒருநாள் ஸ்கூட்டர் கதையின் நடுவில் அவர், "வா...ய... மூடு" என்றார். நோய்க்குப் பிறகு அவர் சொன்ன முதல் முழுத் தமிழ் வாக்கியம் அது. ஆள் கொஞ்சமும் கோபப்படவில்லை. "அப்டிப் போடு சார்! வருதுல்ல?" என்று தொடையைத் தட்டிச் சிரித்துவிட்டு, கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

தெரபிஸ்ட் இப்போது அவரோடும் அந்த ஆளோடும் உட்கார்ந்துதான் பயிற்சி கொடுத்தாள். சின்னச் சின்னச் சொற்கள். கொசு. ஜன்னல். உப்பு. சொல்லுக்குச் சொல் மெதுவாகத்தான் வந்தது. முன்பு வந்த வேகத்தில் பாதிகூட இல்லை. டயர் கடைக்கு மேலே இருந்த வகுப்பைப் பழைய மாணவன் ஒருவன் எடுத்து நடத்துகிறான் என்று செய்தி வந்தது. அவர் கேட்டுக்கொண்டார். அவள் முழு நாள் வேலைக்குத் திரும்பினாள். தன் படுக்கையை உள்ளறைக்கு மாற்றிக்கொண்டாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அருவருப்பு போய்விடவில்லை. ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டது.

ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்து உள்ளறையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். நாள் முழுக்க நின்றதில் கால் கடுத்தது. மத்தியானம் கூட்டம் அதிகம், ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. ஹாலில் அந்த ஆள் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. "கேளு சார். அம்மா வந்துட்டாங்கள்ல. சாப்டீங்களான்னு கேளு. சும்மா கேளு சார், காசா பணமா?"

பிறகு அவர் குரல், ஒவ்வொரு அசையாகத் தடவிக்கொண்டு வந்தது.

"சாப்...டி...யா?"

கல்யாணமானதிலிருந்து அவர் அவளிடம் அதைக் கேட்டதாக அவளுக்கு ஞாபகமில்லை. இப்போதும் அவராகக் கேட்கவில்லை. கதவைத் திறந்து போகலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தாள். போனால் உட்கார வேண்டும், அவரோடு சாப்பிட வேண்டும், அந்த வாய் மெல்லுவதைப் பார்க்க வேண்டும்.

"ஆச்சு" என்றாள், உட்கார்ந்த இடத்திலிருந்தே. ஹாலில் ஜன்னல் மூடுகிற சத்தம் கேட்டது. அந்த ஆள் மறுபடி ஸ்கூட்டரைப் பற்றி ஆரம்பித்தார்.